குழம்பில் விழும் பூக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸின் வடக்கே இலோகோஸ் பகுதியில் சந்தைக்குப் போனால், கீரைக்கட்டுகளுக்குப் பக்கத்திலேயே பூக்களும் கூறு கூறாக இருக்கும். பரங்கிப்பூ, அங்கே கதுராய் என்று சொல்கிற அகத்திப்பூ, அப்புறம் அலுகோன் மரத்தில் நூல் நூலாகத் தொங்கும் பூங்கொத்து. எல்லாம் அன்றாடச் சமையலுக்குத்தான். வீட்டுத் தோட்டத்திலும் வேலியோரத்திலும் காசில்லாமல் கிடைப்பவையும் இவைதான்.

பூவில் அப்படி என்ன சத்து இருந்துவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பரங்கிப்பூவில் 100க்கு 95 பங்கு தண்ணீர்தான். ஆனாலும் 100 கிராம் பச்சைப் பூவில் வைட்டமின் சி சுமார் 28 மில்லிகிராம் இருக்கிறது. அதை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 5 மில்லிகிராம். கொஞ்சம் சூட்டில் அழிகிறது, கொஞ்சம் நீரோடு போய்விடுகிறது. வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் அப்படியல்ல. தண்ணீரில் கரையாததால் வெந்த பிறகும் பெரும்பகுதி பூவிலேயே தங்குகிறது.

அகத்திப்பூ இன்னும் வளமானது. பச்சையாக 100 கிராமில் 73 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆவியில் வெந்த பிறகும் 37 நிற்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 45 மில்லிகிராம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளுக்கு மிகவும் வேண்டிய ஃபோலேட் என்ற வைட்டமினும் இந்தப் பூவில் நன்றாகவே உண்டு. இலோகோஸ்காரர்கள் கசக்கும் மகரந்தக் காம்பைக் கிள்ளிவிட்டு, பூவைக் கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி எடுத்து, தக்காளி, வெங்காயம், வினிகர் சேர்த்துப் பிசறிச் சாப்பிடுகிறார்கள். சத்து அதிகம் சிதையாத முறை என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

தினெங்தெங் என்ற குழம்பும் அப்படித்தான். பகோங் என்னும் புளிக்கவைத்த மீன் சாறு கலந்த நீரில் காய்களை வேகவிட்டு, பூவைக் கடைசியில் போட்டு, உடனே இறக்கிவிடுவார்கள். எதையும் வடிப்பதில்லை. பூவிலிருந்து நீரில் இறங்கிய சத்தும் சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குப் போய்விடுகிறது. மேலே வைக்கும் சுட்ட மீனின் கொழுப்பு, கரோட்டினை உடல் உறிஞ்ச உதவுகிறது. சத்தியல் படித்த யாரும் இதைவிடச் சிறப்பாகத் திட்டமிட்டிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

வாழைப்பூ வேறு வகை. தேங்காய்ப்பாலில் வேகும், வேர்க்கடலைக் குழம்பான காரே-காரேயிலும் சேரும். அதன் பெரிய பலம் நார்ச்சத்து. சமைப்பதால் நார்ச்சத்து காணாமல் போய்விடாது. ஆனால் தேங்காய்ப்பால் நிறைய சேர்ந்தால் நிறைவுற்ற கொழுப்பும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. பரங்கிப்பூவை மாவில் தோய்த்துப் பொரிப்பதும் உண்டு. ருசிதான், ஆனால் தினமும் வேண்டாம்.

எனக்கு உண்மையாகக் கவலை தருவது பகோங்கில் உள்ள உப்பு. இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் பூவுக்காகத் தினெங்தெங் குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால், கிடைக்கும் நன்மையைவிடக் கெடுதல் பெரிதாகிவிடும். பகோங்கைப் பாதியாகக் குறைத்து, தக்காளியையும் இஞ்சியையும் கூடுதலாகப் போடலாம். சுட்ட மீனின் வாசனை இருப்பதால் சுவை அவ்வளவாகக் குறையாது. பூவை மட்டும் குறைக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.