பட்டப்படிப்போடு இறையியலும்: துணையே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த மழையிலும் கொட்டாஞ்சேனை வரை வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு கத்தோலிக்க இளைஞருக்கு, பட்டப்படிப்போடு சேர்த்து இறையியலும், கூலி, உழைப்பு, ஏழ்மை பற்றித் திருச்சபை சொல்லும் சமூகப் போதனையும் படிப்பது துணையா, சுமையா? இதுதான் இன்றைய கேள்வி. துணையே என்று சொல்லும் அணியில் நான் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மூன்று விஷயம் சொன்னார். இரண்டு தோணியில் கால் வைத்தவன் கரை சேரமாட்டான் என்றார். நம்பிக்கை உள்ளே வந்தால் ஆய்வில் நடுநிலை போய்விடும் என்றார், அதற்குக் கலிலேயோவைச் சாட்சிக்கு அழைத்தார். கடைசியாக, நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நேரக் கேள்வியை நான் இறுதியில் எடுக்கிறேன். மூன்றில் அதுதான் உண்மையிலேயே கஷ்டமானது.

முதலில் அந்தத் தோணி.

கரம்பொன்னில் 1913இல் ஒரு பிள்ளை பிறக்கிறது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்து, இதே கொழும்புக்கு வந்து புனித பேர்நாட் குருமடத்தில் சேர்கிறது. அங்கிருந்து ரோம். இறையியலில் கலாநிதிப் பட்டம். ஆய்வு எதைப் பற்றி? மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த புனித சிப்பிரியான் காலத்துக் குருக்களைப் பற்றி. பழைய லத்தீன் எழுத்துகளை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிற வேலை அது. அந்த வயதில் அவருக்குத் தமிழ் இலக்கியத்தில் ஆழமான பயிற்சி கிடையாது. பிறகு வடக்கன்குளத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில்தான் முறையாகத் தமிழ் கற்கிறார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய், பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது என்று ஆராய்கிறார். 1952இல் தமிழ்ப் பண்பாட்டை உலகத்துக்குச் சொல்ல ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழ் தொடங்குகிறார். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர் அவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததற்கும் அவரே முதற் காரணம். பெயரை நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் முகத்திலேயே தெரிகிறது. தனிநாயகம் அடிகள்.

இவர் குருவானவர், போகிற வழியில் தமிழும் படித்தார் என்று சிலர் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது போதாது. 1679இல் அச்சான ஒரு தமிழ்–போர்த்துக்கீச அகராதி இருந்தது. இயேசு சபையைச் சேர்ந்த அந்தாம் தெ புரோயென்சா தொகுத்தது. அந்த அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் தேடிக் கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகள். 1966இல் அது மறுபதிப்பாகவும் வந்தது. ரோமில் இறையியல் மாணவராக ஏடுகளோடு பழகிய ஒருவருக்குத்தான் அங்கே போய்த் தமிழைத் தேடலாம் என்று தோன்றும். தம்பி, அவர் இரண்டு தோணியில் கால் வைத்தவர்தான். அந்த இரண்டு தோணியையும் சேர்த்துக் கட்டித்தான் அவர் நம்மை அக்கரைக்குக் கொண்டுபோனார்.

சரி, நடுநிலைக்கு வருவோம்.

நம்பிக்கை என்றால் கேள்வி கேட்கக்கூடாது என்று ஒரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பை உறுதிப்பூசுதலோடு நிறுத்திக்கொண்டவர்களிடம் இது அதிகம். பதினான்கு வயதில் கேட்ட பதில்களோடு பல்கலைக்கழகத்துக்குப் போகிறோம். அங்கே மூளை இருபது வயதுக்கு வளர்கிறது, விசுவாசம் பதினான்கிலேயே நின்றுவிடுகிறது. பிறகு இரண்டும் சண்டை போடுகிறது என்கிறோம். வளர்ந்த ஒருவரும் ஒரு சிறுபிள்ளையும் எப்படி ஐயா சரிசமமாகப் பேச முடியும்?

இறையியலை ஒழுங்காகத் திறந்து பார்த்தபோது நான் முதலில் கண்டது என்ன தெரியுமா? பட்டிமன்றம்! பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் புனித தோமா அக்குவினாஸ் கற்பித்த முறை அதுதான். ஒரு கேள்வியை வைப்பார்கள். முதலில் எதிர்வாதங்கள் வரும். பிறகு மறுபக்கத்து ஆதாரம். அதற்குப் பிறகு ஆசிரியர் எழுந்து, நமது நடுவரைப் போல, தன் தீர்ப்பைச் சொல்லி ஒவ்வொரு எதிர்வாதத்துக்கும் தனித்தனியாகப் பதில் தர வேண்டும். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை அவர் எழுதும்போது முதல் வரியே, 'இல்லை என்றுதான் தோன்றுகிறது' என்ற தொனியில் வருகிறது. எல்லையில்லாத நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்காதே, உலகத்தில் தீமை இருக்கிறதே என்பது அவர் வைக்கும் முதல் எதிர்வாதம். இரண்டாவது, கடவுள் இல்லாமலே எல்லாவற்றையும் இயற்கையைக் கொண்டு விளக்கிவிடலாமே என்பது. இன்றைக்கு நமது விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகள் தேநீர்க் கடையில் கேட்கிற அதே இரண்டு கேள்விகள். ஒரு புனிதர் எழுநூறு வருடத்துக்கு முன்பே அவற்றைத் தன் கையால், வலுக் குறையாமல் எழுதி வைத்திருக்கிறார். எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லக் கற்றுக்கொள் என்று எந்த விரிவுரையிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

கலிலேயோ விஷயத்தில் தம்பி சொன்னது சரி. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக 1633இல் திருச்சபை அவரைத் தண்டித்தது அநீதி. 1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஒவ்வொரு அறிவுத்துறைக்கும் தனக்கே உரிய விதிகளும் முறைகளும் உண்டு, அவற்றை மதிக்க வேண்டும் என்று எழுதியது. அதைப் புரிந்துகொள்ளாத கிறிஸ்தவர்கள் இருந்ததற்காக வருந்தியது. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், இதே கொழும்பில் வாழ்ந்த அருட்தந்தை திஸ்ஸ பாலசூரியவைப் பாருங்கள். பொருளியலும் இறையியலும் படித்தவர். சமூகமும் சமயமும் பற்றி ஆராய 1971இல் இங்கே ஒரு நிலையம் தொடங்கினார். தன் இறையியல் எழுத்துக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு வருடத்தில், 1998 ஜனவரியில், அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. கேள்வி கேட்பவருக்கு வலி வந்திருக்கிறது. ஆனால் இதற்கு என்ன மருந்து? குருக்களோ துறவியரோ அல்லாத நம்மைப் போன்ற படித்த பொதுநிலையினர் இறையியலைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்வதா? அப்படி ஒதுங்கினால் இன்னும் குறைந்த பேரிடம், இன்னும் குறைந்த கேள்விகளோடு அது தங்கிவிடும்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

நான் பொருளியல் மாணவி. 2021இன் தொடக்கத்தில் இரண்டாம் வருடம். தொற்றுக்காலம், எல்லா வகுப்பும் சூமில்தான். ஒரு வாரம் தொழிற்சந்தை பற்றிய பாடம். எவ்வளவு ஆள் தேவை என்று காட்டும் கேள்விக் கோடு ஒன்று, எவ்வளவு ஆள் வேலைக்கு வரும் என்று காட்டும் நிரம்பல் கோடு ஒன்று, இரண்டும் வெட்டுகிற இடத்தில் கூலி. அதற்கு மேலே சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தினால் வேலை குறையும். நான் அழகாக வரைந்து காட்டி நல்ல புள்ளியும் வாங்கினேன். அதே மார்ச் மாதத்தில்தான் பல வருடம் கேட்டுக் கேட்டுக் களைத்த தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. என் அம்மாயி பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து எடுத்தவர். கொழுந்தின் நிறை குறைந்த நாளில் 'அரைப் பேர்', அதாவது அரை நாள் கூலி, போட்டுவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதவர். என் படத்தில் அம்மாயி எந்தப் புள்ளியில் நிற்கிறார் என்று தேடினேன். அவர் அங்கே இல்லை.

அந்தச் சனிக்கிழமை, அதே சூமில், எங்கள் கோவில் பங்கில் நடந்த இறையியல் வகுப்பில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1891 மே 15இல் திருச்சபை முழுவதற்கும் எழுதி வெளியிட்ட கடிதத்தை, சுற்றுமடலை, படித்தோம். 'ரேரும் நொவாரும்' என்று பெயர். அதில் ஒரு இடம் வருகிறது. என் வார்த்தையில் சொல்கிறேன்: முதலாளியும் தொழிலாளியும் எப்படி ஒப்பந்தம் செய்தாலும், எந்த ஒப்பந்தத்தையும் விடப் பழையதும் பெரியதுமான ஒரு நீதி உண்டு, சிக்கனமாக வாழும் தொழிலாளி ஒருவரைத் தாங்கும் அளவுக்குக் கூலி இருக்க வேண்டும், வேறு வழியில்லாமலோ, இதைவிடக் கேடு வந்துவிடுமோ என்ற பயத்திலோ ஒருவர் குறைவுக்குச் சம்மதித்தால், அவர் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவர்.

வேறு வழியில்லாமல். அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். அம்மாயி இருந்த லயம், அந்த வரிசை வீடு, தோட்டத்தினுடையது. வேலையை விட்டால் கூரையையும் விட வேண்டும். அப்படியானால் என் படத்தில் நான் எழுதிய 'சுதந்திரமாக விலகிப் போகக்கூடிய தொழிலாளி' எங்கே? இந்தக் கேள்வியோடு திரும்பவும் பொருளியலுக்குள் போனேன். அங்கே விடை இருந்தது! ஆள் எடுப்பவர் ஒருவரே இருக்கிற சந்தையைப் பற்றிப் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933இலேயே எழுதியிருக்கிறார். அப்படியான சந்தையில் சட்டம் போட்டு ஓரளவு கூலியை உயர்த்தினாலும் வேலை குறையாமல் இருக்கலாம், கூடவும் செய்யலாம். என் பாடத்திட்டத்திலேயே அது பிற்பகுதியில் இருந்தது. நான்தான் அது யாருக்கானது என்று தெரியாமல் கடந்து போக இருந்தேன்.

நடுவர் ஐயா கவனிக்க வேண்டும். அந்தச் சுற்றுமடல் எனக்குக் கூலிக் கணக்குப் போட்டுத் தரவில்லை. கணக்கை எங்கே போட வேண்டும் என்று காட்டியது. விடையைப் பொருளியல்தான் தந்தது. இதில் எந்த நடுநிலை கெட்டது?

மறுபக்கமும் நடந்தது. 2022 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். ஒரு பங்கில் உலர் உணவுப் பொதி கொடுத்தார்கள், நானும் போய்க் கட்டினேன். எல்லோருக்கும் நல்ல மனம். ஆனால் பட்டியல் பங்குப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. புள்ளிவிபரம் படித்தவள் என்பதால் எனக்குச் சட்டென்று உறுத்தியது: பதிவேட்டில் இல்லாதவர் யார்? தேடிப் போனால், அறை வாடகைக்கு எடுத்து நாலைந்து பேராகத் தங்கி வேலை செய்கிற பெண் பிள்ளைகள், மாதக் கணக்காக அந்தத் தெருவிலேயே இருந்தும் யார் பட்டியலிலும் இல்லை. ஏழைக்கே முதலிடம் என்று திருச்சபை போதிக்கிறது. அந்த ஏழை எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்று எனக்குக் காட்டியது, பட்டியலில் யார் விடுபடுகிறார் என்று பார்க்கச் சொல்லித் தரும் மாதிரியெடுப்புப் பாடம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சிறிய விஷயம்தான். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். கூலி, கடன், வரி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் யோசிப்பேன். பங்கு வகுப்பில்தான் முதன்முதலாக அவற்றைப் பற்றித் தமிழில் விவாதித்தேன். 'மாண்பு' என்ற சொல்லைப் பரீட்சைத் தாளில் எழுத எனக்கு இடம் கிடைத்ததில்லை. அந்த வகுப்பில் அது இல்லாமல் ஒரு வசனம் கூட நகரவில்லை.

பழைய மடல்கள் இன்றைக்கு உதவாது என்று நினைக்கிற கணினிப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் ஏன் லியோ என்ற பெயரை எடுத்தார் என்று அவரே சொன்னார்: அன்று பதின்மூன்றாம் லியோ தொழிற்புரட்சியைச் சந்தித்தார், இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் புதிய கேள்விகளைக் கொண்டுவந்திருக்கிறது என்று. அந்தக் கேள்விகள் உங்கள் துறையைப் பார்த்துத்தான் கேட்கப்படுகின்றன. அந்த மடல்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் துறைக்குள் இருக்க வேண்டாமா?

இப்போது நேரம். பகலில் விரிவுரை, மாலையில் இரண்டு வீட்டில் ரியூசன், அந்தக் காசில் பாதி ஊருக்கு, இரவு வத்தளைக்கு பஸ். இப்படி வாழ்கிற ஒரு பிள்ளையிடம் இன்னொரு புத்தகத்தையும் தூக்கு என்று சொல்ல எனக்கும் மனம் வராது. அந்தப் பிள்ளைக்கு அது சுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுமையை ஏற்றியது இறையியலா? படிக்கிற வயதில் ஒரு பிள்ளை இப்படி ஓட வேண்டியிருப்பது ஏன் என்று கேட்கிற படிப்பு அல்லவா அது? வகுப்பை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பரீட்சை மாதத்தில் வகுப்பை நிறுத்துங்கள், வர முடியாதவருக்கு ஒலிப்பதிவை அனுப்புங்கள், சான்றிதழுக்காக யாரையும் விரட்டாதீர்கள். வாரத்தில் ஒன்றரை மணித்தியாலம் போதும். எனக்கு அது போதுமாக இருந்தது.

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா, முடிக்கிறேன். தம்பி, நீங்கள் புள்ளிவிபரவியல் படிக்கிறீர்கள் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். இந்தச் சனிக்கிழமை நாலரை மணிக்கு, இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில், கூலி பற்றிய அந்தப் பகுதியைத் திரும்பவும் படிக்கப் போகிறோம். கலிலேயோவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் எதிர்வாதத்தைத்தான் நாங்கள் முதலில் கேட்போம்.