விதைக்கென்று ஒரு காய்

(காட்சி: கத்தரிச் செடி. நூல் கட்டிய ஒரே ஒரு மஞ்சள் காய்.)

வணக்கம். இந்தக் காயைப் பறிக்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நோயில்லாமல் நன்றாகக் காய்த்த செடி எது என்று பார்த்து, அதில் திரட்சியான காயாகத் தேர்ந்தெடுத்து, நூல் கட்டி விட்டு வைத்திருக்கிறேன். சமையலுக்குப் பறிக்கிற கத்தரிக்காயில் விதை முற்றியிருக்காது. தோல் மஞ்சளாகி, பழுப்பேறி, தொட்டால் லேசாக மெத்தென்று இருக்க வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் அதில் கைவைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை!

அதற்கு முன்னால் ஒன்று. விதை வாங்கிய பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். எஃப்1 அல்லது ஹைபிரிட் என்று போட்டிருந்தால் அந்தச் செடியில் விதை எடுக்க வேண்டாம். முளைக்கும், காய்க்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரியே இருக்காது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும். நாட்டு ரகம்தான் நமக்குத் தோது.

(காட்சி: தக்காளி, கண்ணாடி டம்ளர்.)

இப்போது தக்காளி. நன்கு பழுத்ததை அறுத்து, விதையைச் சாறோடு டம்ளரில் பிழிந்து விடுங்கள். ஒவ்வொரு விதையையும் சுற்றி வழவழவென்று ஒரு உறை இருக்கிறதே, பழத்துக்குள் இருக்கும்போதே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். அதைக் கழற்ற, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மூடிபோடாமல் நிழலில் வைத்துப் புளிக்க விடுகிறோம். நம்மூர் வெயிலுக்கு இரண்டு நாள் போதும். மேலே வெள்ளையாக ஆடை படியும், வாடையும் வரும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கும். அதற்குமேல் விட்டால் டம்ளரிலேயே முளைவிட ஆரம்பித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பொக்கு மேலே மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். வடிகட்டி, தட்டில் பரப்பிக் காயவையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க வராது.

வெண்டையும் அவரையும் சுலபம். செடியிலேயே நெற்றாகக் காயவிட்டு எடுத்தால் சரி. பீர்க்கங்காயும் கொடியிலேயே காயட்டும். காதருகே வைத்து ஆட்டும்போது கலகலவென்று சத்தம் வந்தால் பறிக்கலாம். நுனியில் இருக்கும் மூடியை உடைத்துக் கவிழ்த்தால் கறுப்பு விதைகள் தானாகக் கொட்டும்.

(காட்சி: அந்தி நேரம். விரியப்போகும் சுரைப்பூ.)

சுரை, பூசணியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பக்கத்து வீட்டில் வேறு ரகச் சுரை இருந்தால் தேனீயும் விட்டிலும் அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இந்த வருடக் காயில் வித்தியாசம் தெரியாது. அடுத்த வருடம் தெரியும். அதனால் பூ விரிவதற்கு முன்பே இரண்டு பூவின் வாயையும் நூலால் கட்டிவிடுங்கள். சுரைப்பூ சாயங்காலம் விரியும், பூசணிப்பூ விடியற்காலையில். விரிகிற நேரத்தில் கட்டை அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். காம்புக்கு மேலே குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. அப்புறம், கசக்கிற சுரைக்காயில் விதை எடுக்கவே கூடாது. அதைச் சாப்பிடவும் கூடாது, உடம்புக்கு ஆபத்து.

எந்த விதையானாலும் இளவெயிலிலும் நிழலிலும் காயட்டும். உச்சி வெயில் வேண்டாம். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். கட்டை விரலளவு பாட்டிலில் போட்டு, சலித்த அடுப்புச் சாம்பலோ வசம்புப் பொடியோ கலந்து, ரகத்தின் பெயரும் எடுத்த மாதமும் எழுதி ஒட்டுங்கள். பாட்டில் இறுக மூடியிருக்கட்டும்.

ஆடிப்பட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். எட்டு முளைத்தால் வழக்கம்போல ஊன்றலாம். ஐந்துதான் முளைத்தது என்றால், குழிக்கு இரண்டு போடுகிற இடத்தில் நான்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.