காத்து எப்படிங்க ஈரமாகும்? கிரேக்கர்களோட நாலு பூதக் கணக்கு

உள்ளங்கைய வாய்க்கு நேரா புடிங்க. வாய நல்லா தொறந்து "ஹா"ன்னு ஊதுங்க, வெதுவெதுன்னு இருக்கா? இப்ப உதட்ட குவிச்சு "ஃபூ"ன்னு ஊதுங்க, ஜில்லுனு இருக்கும். அதே மூச்சு, அதே வாய்.

கிமு 6ஆம் நூற்றாண்டுல, இன்னைக்கு துருக்கில இருக்குற மிலேட்டஸ் ஊர்க்காரர், கிரேக்கத் தத்துவஞானி அனாக்சிமெனிஸ் இதத்தான் சாட்சியா காட்டினாரு. காத்து நெருங்கினா குளிரும், தளர்ந்தா சூடாகும், ரொம்ப தளர்ந்தா நெருப்பு, நெருங்க நெருங்க மேகம், தண்ணி, மண்ணு, கல்லு, அதனால எல்லாத்துக்கும் மூலம் காத்துதான்னாரு. காரணம் தப்புதான், குவிச்சு ஊதுறப்ப சுத்தி இருக்குற ரூம் காத்தும் சேர்ந்து வர்றதாலதான் ஜில்லுனு இருக்கு. ஆனா பெரிய கேள்விக்கு உள்ளங்கையிலயே பதில் தேடினாரு பாருங்க, அது எனக்கு ரொம்ப புடிக்கும்.

அவருக்கு முன்னாடி அதே ஊர் தேல்ஸ் தண்ணிதான் மூலம்னாரு, பின்னாடி எபேசஸ் ஊர் ஹெராக்ளிடஸ் நெருப்புன்னாரு. கிமு 5ஆம் நூற்றாண்டுல சிசிலித் தீவோட எம்பிடாக்ளிஸ் வந்து, ஏன் ஒண்ணுலயே நிக்கணும், நெருப்பு, காத்து, தண்ணி, மண்ணு நாலுமே "வேர்"தான்னுட்டாரு. ஓவியர் கொஞ்சம் கலர வச்சு மரம், மனுஷன், மீனுன்னு எல்லாம் வரையுற மாதிரி, நாலு வேரும் கலந்து உலகமாகுது, சேர்க்குறது அன்பு, பிரிக்கிறது பகை.

[திரையில்: ஒரு சதுரம், நாலு மூலையில நெருப்பு, காத்து, தண்ணி, மண்ணு]

அரிஸ்டாட்டில் ஒரு படி உள்ள போறாரு. ஒரு பொருள பொருள்னு நமக்கு சொல்றது தொடு உணர்ச்சிதான், அப்போ தொட்டா தெரியுற குணத்துலருந்துதான் ஆரம்பிக்கணும்கறாரு. கெட்டி, மெது, வழவழப்பு, சொரசொரப்புன்னு ஒவ்வொண்ணா எடுத்து சலிச்சுப் பாத்து கடைசில நாலுல நிறுத்துறாரு: சூடு, குளிர், ஈரம், வறட்சி. நெருப்பு சூடும் வறட்சியும், காத்து சூடும் ஈரமும், தண்ணி குளிரும் ஈரமும், மண்ணு குளிரும் வறட்சியும்.

இங்கதான் எல்லாரும் முட்டிக்குவாங்க, காத்து எப்படி ஈரம்னு. அவர் போட்ட கிரேக்க வார்த்தை ஹூக்ரோன். அதுக்கு நனைஞ்சதுன்னு மட்டும் அர்த்தம் இல்ல, தனக்குன்னு ஒரு எல்லை வச்சுக்காம, எதுல ஊத்தினாலும் அதோட உருவத்துக்கு சுலபமா அடங்குறதும் ஹூக்ரோன்தான். தண்ணி சொம்புல சொம்பு, குடத்துல குடம். காத்தும் பலூனுக்குள்ள பலூன் மாதிரிதானே இருக்கு! வறட்சின்னா இதுக்கு நேர் எதிர், தன் எல்லைய விடாது, கல்லு மாதிரி. இத புரிஞ்சுகிட்டா மொத்த சதுரமும் தானா புரிஞ்சிரும்.

அடுத்தது மாற்றம். எம்பிடாக்ளிஸ் கணக்குல நாலும் அப்படியேதான் இருக்கும், கலக்கும், பிரியும், அவ்ளோதான். அரிஸ்டாட்டில்கிட்ட ஒண்ணு இன்னொண்ணாவே ஆகும், ஒரு குணம் மாறினா போதும். பக்கத்து மூலைக்கு சீக்கிரம் போகலாம், எதிர் மூலைக்கு, அதாவது தண்ணி நெருப்பாகணும்னா ரெண்டு குணமும் மாறணும், அதனால மெதுவாதான் நடக்கும்னாரு.

[திரையில்: அடுப்புல கொதிக்கிற பாத்திரம், மேல தட்டு]

இத பாருங்க. தண்ணில குளிர் போயி சூடு வந்துச்சு, காத்து பக்கம் கிளம்பிருச்சு. தட்ட தூக்குங்க, அடியில துளித்துளியா நிக்குதா? சூடு போயி திரும்ப குளிர் வந்துருச்சு. போறப்பவும் வர்றப்பவும் ஈரம் மட்டும் கூடவே இருந்துச்சு.