தட்டுல இருக்கிற உயிர் போன்ல வருமா?

[காட்சி: காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. மரத்தூண், எனாமல் தூக்குச்சட்டி, நடுவுல ஒரு கிராமபோன்.]

செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து இறங்கின சாமான் எல்லாம் இந்தத் தெருவுல கிடைக்கும். இசைத்தட்டும் உண்டு. கடையில எல்லாமே 'பிளேட்டு'தான். நாமதான் பிரிச்சுப் பார்க்கணும். கனமா இருந்து, விழுந்தா ஓடு மாதிரி உடையறது அரக்குத் தட்டு. நிமிஷத்துக்கு 78 சுத்து, பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம். லேசா வளைஞ்சு கொடுக்கிறது வினைல்ங்கிற பிளாஸ்டிக் தட்டு. 1948-ல வந்த எல்.பி. (லாங் பிளே) இந்த வகை, 33⅓ சுத்து, பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம்.

சினிமா எடுக்கிறதுக்கு முன்னாடி இசைத்தட்டு வித்தவர்தான் நம்ம ஏ.வி. மெய்யப்பன். காரைக்குடிக்காரர். அதனால இந்த ஊர்ல தட்டைப் பத்திப் பேச நமக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு!

[காட்சி: படிக்கட்டு போல ஒரு கோடு, அது வழவழப்பான அலையா மாறுது.]

தட்டுப் பிரியர்கள் சொல்றது: "டிஜிட்டல் ஒலியைத் துண்டு துண்டா நறுக்குது, அதான் உயிர் இல்ல." இது தப்பு. சிடியில நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறாங்க. சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்ம காது கேட்கும், அதுவும் சின்ன வயசுல. அந்த எல்லைக்குள்ள இருக்கிற அலையை முழுசா திருப்பிக் கட்ட இந்த அளவுகள் போதும். ஸ்பீக்கருக்குப் போறப்ப படிக்கட்டே கிடையாது. மெல்லிசுக்கும் உரத்ததுக்கும் உள்ள இடைவெளி சிடியில 96 டெசிபல்; வினைல்ல 70 வந்தாலே பெரிசு.

அப்ப தட்டுல கேட்கிறப்ப வர்ற அந்த இதம் எங்கிருந்து வருது?

[காட்சி: பள்ளத்துல ஓடுற ஊசி, மிக நெருக்கத்துல.]

தட்டோட குறைகள்ல இருந்துதான். பாஸ் (அடித்தொனி) ஒலியைத் தட்டுல அப்படியே பள்ளமா வெட்டினா, பள்ளம் அகலமாகி, பக்கத்துப் பள்ளத்துல போய் இடிக்கும். அதனால பாஸைக் குறைச்சு, கீச்சு ஒலியை ஏத்தி வெட்டுவாங்க. ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழா சரி பண்ணும். பாட்டுல 'ஸ' கூர்மையா விழுந்தா ஊசி தடுமாறும்னு, வெட்டும்போதே மழுக்கிடுவாங்க. ஓரத்துல ஊசிக்கு அடியில நொடிக்கு 50 செ.மீ. பள்ளம் ஓடுது, நடுவுக்கு வர வர 20 சொச்சம்தான். அதான் கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கலா கேட்கும். இதுக்கு மேல ஊசி தன் பங்குக்குச் சேர்க்கிற திரிபு, தூசியால வர்ற பொரிபொரி சத்தம். எல்லாம் கலந்ததுதான் நாம 'இதம்'னு சொல்றது.

சந்தேகமா? வினைல் ஓடுறப்ப கம்ப்யூட்டர்ல நல்லா பதிவு பண்ணிக் கேளுங்க. அந்த இதம், பொரிபொரி சத்தம் உட்பட, அப்படியே வந்து உட்காரும். டிஜிட்டல் அதைத் தாங்கும். தானா சேர்க்காது, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்துல மட்டும் தட்டுக்காரங்க பக்கம் நியாயம் இருக்கு. பழைய பாட்டைச் சிடிக்கு மாத்தினப்ப, சத்தமா கேட்கணும்னே பல இடத்துல ஏத்த இறக்கத்தை நசுக்கிட்டாங்க. அதே பாட்டு எல்.பி.யில மூச்சு விடும். ஆனா அது நசுக்கினவங்க குத்தம், டிஜிட்டலோட குத்தம் இல்ல.

[காட்சி: செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலை (கூடம்). ஆத்தங்குடி ஓடு பதிச்ச தரை. வளவுல (முற்றத்துல) வெயில்.]

சரி, ஐயா வீட்டுப் பட்டாலையில கேட்ட பாட்டு போன்ல ஏன் அப்படி இல்ல? வழவழ தரை, சுண்ணாம்புச் சுவர்னு எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்பும். வளவு திறந்து கிடக்க, கொஞ்சம் வெளியேயும் போயிடும். இயர்போன்ல இந்த வீடு இல்ல. அதோட, தட்டு போட்டா தாண்டிப் போக மனசு வராது. ஊசியைத் தூக்கிச் சரியான இடத்துல வைக்கிறது வம்பு. பிடிக்காத பாட்டையும் கேட்டுத்தான் ஆகணும். நாலு நாள்ல அதுவும் பிடிச்சுப் போகும்.

[ஓசை: பாட்டு முடிஞ்ச தட்டுல ஊசி. டக்... டக்... டக்...]

உள்கட்டுல இருந்து அப்பத்தா குரல்:

"ஏப்பா, தட்டு சும்மா சுத்துது பாரு. எந்திரிச்சுத் திருப்பிப் போடேன்."