டை கட்டி மான் வேட்டை: 18 டாலர் ட்வீட் கோட்டு, 24 டாலர் சலவை

வணக்கம் மக்களே. இன்றைக்கு முழுக்க ஒரு கோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மானும் வரும், ஆனால் கடைசியில் கொஞ்சம்தான் வரும். மானுக்காக மட்டும் வந்தவர்கள் தாராளமாகத் தள்ளிக்கொண்டு போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வீடியோவில் கதவுக்குப் பின்னால் ட்வீட் என்கிற கனமான கம்பளித் துணியில் தைத்த ஒரு கோட்டு தொங்கியதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கீழே எழுதியிருந்தீர்கள்! "அக்கா, வேட்டைக்கா, வரவேற்புக்கா?" "அக்கா, கேமோ வாங்கக் காசில்லையா?" காசு இருக்கிறது. கேமோ என்கிற அந்தக் காட்டு நிற வேட்டை உடுப்புதான் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் துணியில் இலையும் கிளையும் அச்சடித்து, அதற்கு நானூறு டாலர் விலை போட்டு, போட்டுக்கொண்டால் ஒவ்வொரு அசைவுக்கும் சரக் சரக்கென்று சத்தம். அதைப் போட்டுக்கொண்டு பென்சில்வேனியா காட்டில் வில்லோடு உட்கார என்னால் முடியாது. ஆகவே இந்தப் பருவத்துக்கு ட்வீட் கோட்டு, அதற்கு உள்ளே கையில்லாத வேஸ்ட்கோட், கம்பளி டை, முழங்காலுக்குக் கீழே நிற்கும் கால்சட்டை, நீளமான கம்பளிக் காலுறை. முழு மரியாதையோடு.

கோட்டு எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் பழைய துணி விற்றார்கள். பெரியவர் யாரோ போட்டிருந்த ஆண்கள் கோட்டு, 18 டாலர். உள்ளே திருப்பிப் பார்த்தால் ஒரு உருண்டை, அதன் மேல் சிலுவை. ஹாரிஸ் ட்வீட் முத்திரை! நான் அங்கேயே ஒரு குரல் கொடுத்துவிட்டேன், பக்கத்தில் தட்டு பார்த்துக்கொண்டிருந்த பாட்டி பயந்துவிட்டார். இந்த முத்திரை சும்மா ஒட்டுவதில்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே இருக்கும் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில், புதுக் கம்பளியைச் சாயமேற்றி நூற்று, தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே நெய்தால்தான் அந்தப் பெயர். அதற்கென்றே 1993-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இப்போது சலவைக் கதை. கோட்டு 18 டாலர் என்றேனா? ட்ரை கிளீனிங் 24 டாலர்! கோட்டை விட சலவை அதிகம். ஏன் என்று கேட்டால் "இது கனமான கம்பளி" என்கிறார் கடைக்காரர். கனமான கம்பளி என்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே வாங்கினேன்! வீட்டுக்காரர் "வெறும் ஆறு டாலர் வித்தியாசம், விடு" என்றார். வெறும் ஆறு டாலர் இல்லை. இது கொள்கை. ஒரு பொருளைச் சுத்தம் செய்யும் கூலி அந்தப் பொருளின் விலையைத் தாண்டலாமா? நீங்களே சொல்லுங்கள். சரி, கொடுத்தேன். வேறு வழியில்லை, கோட்டில் அந்துருண்டை வாசனை அப்படி. அந்த வாசனையோடு போனால் மான் மட்டுமில்லை, பக்கத்து மாவட்டத்து மானும் ஓடிவிடும். சலவை முடிந்து வந்தால் அந்துருண்டை போய்விட்டது, சலவை மருந்து வாசனை வந்திருக்கிறது. 24 டாலர் கொடுத்து ஒரு வாசனையை இன்னொரு வாசனைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்! அப்புறம் பின்வாசல் கூரைக்குக் கீழே காற்றில் தொங்கப் போட்டதில்தான் சரியானது. காற்றுக்குக் காசில்லை.

இப்போது முக்கியமான விஷயம். மைக் பக்கத்தில் வைக்கிறேன், கேளுங்கள். இது என் பழைய நைலான் ஜாக்கெட், கையை மடக்குகிறேன்... கேட்டதா? இது ட்வீட். மடக்குகிறேன்... மறுபடியும்... ஒன்றும் இல்லை. ஒலி அமைப்பைச் சரிபார்க்க வேண்டாம், உண்மையிலேயே ஒன்றும் இல்லை. வில் வேட்டையில் நான் இருபது கஜத்துக்கு மேல் அம்பு விடுவதே கிடையாது. அந்தத் தூரத்தில் நாணை இழுக்கும்போது உரசும் சத்தம் மானுக்குக் கேட்கும். துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். சலவைத்தூளில் துணியைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் பொருள் இருக்கிறதே, அது நமக்கு வெள்ளை, மானுக்கு விளக்கு. அதனால் கம்பளியை அந்தத் தூள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ட்வீடில் நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயமேற்றிவிடுவார்கள். பல நிற இழைகளைக் கலந்து நூற்பதால் ஒரே நூலில் பழுப்பு, பாசி, கொஞ்சம் காவி எல்லாம் இருக்கும். பக்கத்தில் வந்து பாருங்கள்... கேமரா ஃபோகஸ் ஆகமாட்டேன் என்கிறது... ஆ, இப்போது. 1840களிலிருந்து ஸ்காட்லாந்துப் பண்ணையார்கள் தங்கள் மலையின் நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி வேட்டையாட்களுக்கு இப்படித்தான் ட்வீட் நெய்ய வைத்தார்கள். கேமோ கம்பெனிகளுக்கு முன்னாலேயே!

இதில் ஒரு வேடிக்கை. ட்வீட் பிறந்த பிரிட்டனில் வில்லால் வேட்டையாடவே முடியாது. 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வில், குறுக்குவில் இரண்டையும் தடுக்கிறது. அங்கே ட்வீட் போட்டவர் கையில் துப்பாக்கிதான். இங்கே வில்லுக்குப் பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் யாரும் ட்வீட் போடுவதில்லை.

"இங்கத்திய கம்பளி இருக்கும்போது எதற்கு ஸ்காட்லாந்து?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சிவப்பு கறுப்புக் கட்டம் போட்ட கோட்டும் கால்சட்டையும், இங்கே பென்சில்வேனியா டக்சீடோ, அதாவது பென்சில்வேனியாக்காரரின் விருந்து உடுப்பு, என்று கிண்டலாகச் சொல்வார்களே, அதுதான் இந்த ஊரின் உண்மையான வேட்டை உடுப்பு. 1830-இல் ஜான் ரிச் ஆரம்பித்த வுல்ரிச் ஆலையின் சரக்கு. அந்த ஆலையை 2018-இல் மூடிவிட்டார்கள். அதிலிருந்து பழைய கோட்டுகளுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. நான் பார்த்த ஒன்றுக்கு 180 டாலர் கேட்டார்கள், அதுவும் முழங்கை கிழிந்தது. கிழிசலுக்கு 180! அதோடு, எனக்கு அந்தக் கட்டம் சுத்தமாகப் பிடிக்காது. மேசைவிரிப்பு என்று நினைத்து யாராவது மேலே தட்டு வைத்துவிடுவார்கள்.

ஆ, டையைப் பற்றிச் சொல்லாமலே ஓடிவிட்டேன். அது நாணில் மாட்டாதா என்றுதான் எல்லோரும் கேட்டீர்கள். நான் வலது கைக்காரி, இடது கையில் வில். நாண் விடுபட்டதும் மார்புக்கும் இடது முன்கைக்கும் பக்கமாகப் பாய்கிறது. அந்தப் பாதையில் என்ன இருந்தாலும் அடி வாங்கும். கோட்டின் மடிப்புக் காலர், தோல் பொத்தான், தொளதொளவென்ற கை, எல்லாமே. நாண் துணியில் லேசாகத் தட்டினாலும் அம்பு போகிற போக்கு மாறிவிடும். அதனால் இடது கையை மட்டும் பிடித்துத் தைத்தேன், வலது கை அப்படியே தொளதொள. மேலே ஆர்ம் கார்டு, அதாவது முன்கையைக் காக்கும் தோல் பட்டை. காலரை மார்புக் கவசத்துக்கு அடியில் அடக்கிவிட்டேன். பெண் வில்லாளிகளுக்கு அந்தக் கவசம் எப்படியும் வழக்கம்தான். டைக்குத் தனி ஏற்பாடே வேண்டாம், வேஸ்ட்கோட் போட்டாலே உள்ளே அடங்கிவிடுகிறது. வேஸ்ட்கோட்டின் வேலையே இதுதானோ என்று தோன்றும் அளவுக்கு! பின்முற்றத்தில் வைக்கோல் இலக்கில் அம்புக்கு மேல் அம்பு விட்டுப் பார்த்தேன். நாண் எங்கேயும் தட்டவில்லை. டையும் நேராகவே இருந்தது. இதைவிடப் பெரிய வெற்றி இந்தப் பருவத்தில் எனக்கு வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"இப்படியெல்லாம் யாராவது வில் பிடித்திருக்கிறார்களா?" பிடித்திருக்கிறார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் குவீனி நியூவல் தங்கம் வாங்கியபோது வயது 53. படத்தைத் தேடிப் பாருங்கள், நீளப் பாவாடை, தலையில் தொப்பி. அந்த உடுப்பில் அவர் தங்கம் வாங்கலாம், நான் ஒரு டை கட்டக்கூடாதா? இங்கே பார்த்தால் ஃப்ரெட் பேர். 1902-இல் இதே பென்சில்வேனியாவில், வேய்ன்ஸ்பரோவில் பிறந்தவர். அமெரிக்காவில் வில் வேட்டையைப் பரப்பியவர்களில் முதல் வரிசை. அந்த ஃபெல்ட் தொப்பி இல்லாத படம் கிடைப்பதே கஷ்டம்.

சட்டம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: துப்பாக்கிப் பருவத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணி கட்டாயம். அப்போது கோட்டின் அழகெல்லாம் ஆரஞ்சுக்கு அடியில். ட்வீட் எல்லாம் வில் பருவத்துக்கு மட்டும்தான். வில்லுக்குக் குறைந்தது 35 பவுண்டு இழுவிசை இருக்க வேண்டும். என் ரிகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில், 42. போதும், அடுத்தது.

உண்ணி. இதை நான் விடமாட்டேன். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் இந்த மாநிலத்தில் எவ்வளவு என்று தெரியும். நீளக் காலுறைக்குள் கால்சட்டை அடங்குவதால் கீழிருந்து ஏற வழியில்லை, அது நல்லது. காலுறைக்கு வெளியே பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்து தெளித்துக் காயவைத்துப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் ட்வீட் மேல் ஓர் உண்ணி உட்கார்ந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. அத்தனை நிறம் கலந்திருக்கிறதே, அதுவும் ஒளிந்துகொள்கிறது! வீட்டுக்குள் நுழையும் முன் கோட்டை வாசலிலேயே கழற்றி அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். அதோடு ஒட்டுக்காய் வேறு. நம் ஊர் நாயுருவி வேட்டியில் ஏறுகிற மாதிரி ஏறிவிடுகிறது. பிடுங்க ஒரு பாட்டுக்கச்சேரி நேரம் ஆகிறது.

சரி, மான். நான் மரத்தில் ஏறமாட்டேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். ஹெம்லாக் மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தூறல். கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. ஈரத்தை உறிஞ்சும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். குளிரவில்லை. ஆனால் கோட்டு கனத்தது, ஆட்டு வாசனையும் வந்தது. காற்று என் முகத்தைப் பார்த்து அடித்ததால் அது பிரச்சினையில்லை. பெண் மான் ஒன்று ஓடையைத் தாண்டி வந்து, பதினைந்து கஜத்தில் நின்று, இலையைக் கடித்தது. நாணை முழுசாக இழுத்தேன். காது கூடத் திரும்பவில்லை! ஆனால் மார்பு எனக்கு நேராக இருந்தது, அந்தக் கோணத்தில் நான் விடுவதில்லை. இறக்கிவிட்டேன். அதற்கும் காது திரும்பவில்லை. அது தன் பாட்டில் சரிவில் இறங்கிப் போனது.

கோட்டு தேறிவிட்டது. அடுத்து கால்சட்டை. இப்போது போட்டிருப்பது பழைய கம்பளிக் கால்சட்டையை நானே வெட்டித் தைத்தது, இடுப்பு சரியில்லை. முழங்காலுக்குக் கீழே முடியும் பழைய ட்வீட் கால்சட்டை இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சலவைக்கு 24 டாலர் கேட்காத கடை தெரிந்தால் அதையும்.