சிகாகோவில் ஒரு நாள்: டேஸ்ட் ஆஃப் சிகாகோ, பீன், 103-வது மாடி

வணக்கம் மக்களே. பின்னால் கேட்பது தண்ணீர் சத்தம்தான், மைக் கோளாறு இல்லை. சிகாகோ கிராண்ட் பார்க்கில் பக்கிங்ஹாம் நீரூற்றுக்கு முன்னால் நிற்கிறேன். மணி இரண்டாகப் போகிறது. மணி ஆனதும் நடுவில் இருக்கிற தாரை 150 அடி எழும்பும், இருபது நிமிடம் ஆட்டம் நடக்கும். இங்கே வந்தால் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். அந்த ஓரத்தில் நிற்கிற பிள்ளைகள் வேண்டுமென்றே நனைகிறார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் போய் நின்றால் கேமரா காலி.

கேட் பக்கிங்ஹாம் என்ற அம்மையார் தன் அண்ணன் கிளாரன்ஸ் நினைவாக 1927-இல் இதை ஊருக்குக் கொடுத்தார். தண்ணீருக்குள் கடற்குதிரைச் சிலைகள் தெரிகின்றனவா? நான்கு ஜோடி. மிச்சிகன் ஏரியைச் சுற்றி இருக்கிற நான்கு மாநிலங்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி. அந்த ஏரிதான் எனக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஏரி என்று பேர், எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அதற்குத்தானே வந்தோம்! இங்கே இப்போது நடப்பது டேஸ்ட் ஆஃப் சிகாகோ என்ற உணவுத் திருவிழா. செப்டம்பரில் என்ன கோடைத் திருவிழா என்று கேட்பீர்கள். இந்த ஊர்க் கணக்கில் மாதத்தின் மூன்றாவது வாரம் தாண்டும்வரை கோடைதான். முன்பெல்லாம் ஜூலையில் நடக்கும், 2023-இல் செப்டம்பருக்கு மாற்றினார்கள். முதன்முதலில் 1980-இல், ஜூலை 4 அன்று, மிச்சிகன் அவென்யூவில் தெருவை மறித்துக் கடை போட்டார்கள். ஆர்னி மார்ட்டன் என்ற உணவகக்காரர் கொடுத்த யோசனை. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்துவிட, அடுத்த வருடமே இந்தப் பூங்காவுக்கு மாற்றினார்கள். உள்ளே வர டிக்கெட் கிடையாது, சாப்பிடுவதற்குத்தான் காசு.

சித்திரைத் திருவிழாவில் தோளோடு தோள் இடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டம் ஒன்றுமே இல்லை. யாரும் முண்டியடிப்பதில்லை, வரிசை தானாக நகர்கிறது. ஆனால் வயிறு ஒன்றுதான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. நாலு பேராக வந்தால் ஆளுக்கு ஒரு கடையில் நின்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். என்னை மாதிரி தனியாக வந்தால் சின்ன அளவில் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் கடையிலேயே பெரிய தட்டு வாங்கினால் அத்தோடு முடிந்தது.

முதலில் ஹாட் டாக். இதோ, கிட்டக் காட்டுகிறேன். பன்மேல் ஒட்டியிருப்பது கசகசா. உள்ளே சாஸேஜ், மஞ்சள் கடுகு சாஸ், பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டு. இந்தப் பச்சை, கண்ணைப் பறிக்கிறதே, இது ரெலிஷ், பொடியாக நறுக்கி ஊறவைத்த வெள்ளரி. அப்புறம் நீளமாகக் கீறிய ஊறவைத்த வெள்ளரி, குட்டி மிளகாய் இரண்டு, மேலே செலரி உப்பு. கெட்சப் மட்டும் கேட்காதீர்கள். இந்த ஊரில் அது மரியாதைக் குறைவு. சாஸேஜ் பெரும்பாலும் மாட்டிறைச்சி, வேண்டாம் என்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ம்ம்... அந்த மிளகாய் பரவாயில்லை, உறைக்கிறது! அமெரிக்காவில் ‘ஸ்பைசி’ என்று எழுதியிருந்தால் நான் நம்புவதே இல்லை, இதை நம்பலாம்.

டீப் டிஷ் பீட்சாவை இங்கே சாப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. அது ஆழமான தட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகிற சமாச்சாரம். அவ்வளவு நேரத்தில் சீஸ் கருகிவிடும் என்பதால்தான் சீஸை அடியில் போட்டுத் தக்காளியை மேலே ஊற்றுகிறார்கள். அதைக் கடையில் உட்கார்ந்து, சுடச்சுட, கத்தி முள்கரண்டியோடு சாப்பிடுங்கள். ஓஹியோ தெருவில் 1943-இல் தொடங்கிய பிட்சேரியா ஊனோ இன்னும் இருக்கிறது.

இனிப்புக்கு ரெயின்போ கோன். 1926 முதல் இருக்கிற கடை. ஐஸ்கிரீமை உருண்டையாக எடுக்காமல் பட்டையாகச் சீவி அடுக்குகிறார்கள். அடியில் சாக்லேட், அதன்மேல் ஸ்ட்ராபெரி, செர்ரியும் வால்நட்டும் போட்ட வெனிலா, பிஸ்தா, உச்சியில் ஆரஞ்சு. வெயிலில் பேசிக்கொண்டே சாப்பிட்டால் ஐந்தும் கையில் வழியும், அதனால் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துகிறேன்.

...சரி, கை கழுவியாச்சு. பீன் பக்கம் வந்துவிட்டேன், அவரை விதை வடிவத்தில் கண்ணாடி மாதிரி மின்னுகிற பெரிய சிற்பம். அனிஷ் கபூர் செய்தது, 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள், ஒரு மூட்டுகூடக் கண்ணில் படவில்லை. எல்லோரும் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அடியில் நுழைந்து அண்ணாந்து பாருங்கள், உங்களையே நாலைந்து பேராகக் காட்டும்.

பக்கத்திலேயே ஆர்ட் இன்ஸ்டிடியூட், ஓவியங்கள் இருக்கிற கலை அருங்காட்சியகம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று உலக மதங்களின் மாநாட்டில் விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவரை இங்கே அனுப்பப் பணம் திரட்டியவர்களில் முக்கியமானவர் சென்னையில் ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள். வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். இங்கே வருகிற தமிழர்கள் சிங்கத்தோடு படம் எடுக்கும்போது அந்த மனிதரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வில்லிஸ் டவர், பழைய சியர்ஸ் டவர். 110 மாடி. கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரங்கள் வரும்வரை கால் நூற்றாண்டு காலம் உலகிலேயே உயரமான கட்டடம். இதைத் தாங்கும் அமைப்பைக் கணக்குப் போட்டவர் டாக்காக்காரரான ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியதுபோல அமைப்பு. இரண்டு 50-வது மாடியோடு நிற்கும், இரண்டு 66-இல், மூன்று 90-இல், மிச்சம் இரண்டுதான் உச்சிவரை போகும். காற்றைச் சமாளிக்க ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கீழே தெருவில் நின்று பார்த்தாலே இந்தப் படிகள் தெரியும், அதற்குக் காசு வேண்டாம். 103-வது மாடியில் கட்டடத்துக்கு வெளியே நாலு அடி நீட்டிய கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. காலுக்கு அடியில் டாக்ஸிகள் ஓடும். ஆசைப்பட்டால் போங்கள், ஆனால் மதியம் வேண்டாம், காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

ஒன்றுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் நான் படகைத்தான் சொல்வேன். கட்டடக் கலைச் சுற்றுலாப் படகு. கோபுரத்தின் உச்சியில் ஏறிவிட்டால் அந்தக் கோபுரமே தெரியாதே! படகில் உட்கார்ந்தால் எல்லாமே தலைக்கு மேல் வரிசையாக வரும். இந்த ஆறே ஒரு அதிசயம். கழிவு நீர் ஏரியில் கலந்து குடிநீர் கெட்டதால், கால்வாய் வெட்டி 1900-இல் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். இன்றைக்கும் ஏரியை விட்டு எதிர்ப்பக்கமாகத்தான் ஓடுகிறது.

படகில் ஏறச் சொல்கிறார்கள். மேல்தளத்தில் இடது ஓரமா, வலது ஓரமா? போனவர்கள் யாராவது கமெண்டில் சொல்லுங்கள், நான் இப்போதைக்கு நிழல் இருக்கிற பக்கம் பிடிக்கிறேன்.