வந்தானா, வந்தாளா? என் மிக்ஸில் காணாமல் போன ஓர் எழுத்து

வணக்கம் நண்பர்களே. சத்தம் சரியாக வருகிறதா? மைக் இன்று கொஞ்சம் தள்ளி இருக்கிறது, பின்னால் ஃபேனும் ஓடுகிறது. ஒலிப்பதிவைப் பற்றிப் பேசுகிற ஆளின் வீடியோவிலேயே ஃபேன் சத்தமா என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான்.

ஒரு பாட்டு மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன் அல்லவா? அந்தக் கதைதான் இன்று. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் பகலில் வேறு வேலை. தெரிந்தவர் யாராவது பதிவு செய்த பாட்டின் டிராக்குகளை, அதாவது குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை, அப்படியே வாங்கிக்கொள்வோம். அவரவர் வீட்டில் அவற்றை ஒரே பாட்டாகக் கலந்து, அதாவது மிக்ஸ் செய்து, அனுப்புவோம், மற்றவர் மிக்ஸைக் கேட்டுக் குறை சொல்வோம். பாராட்டவும் அனுமதி உண்டு, ஆனால் அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை.

இந்த முறை வந்தது 22 டிராக். ஒரு பெண் குரல், கூடப் பாடும் இரண்டு குரல்கள், ஒரே வாசிப்பை இரண்டு தடவை பதிந்த அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், அடியில் லேசாக ஒரு கீபோர்டு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், சுத்தமான பதிவு. அதாவது, மிக்ஸ் சொதப்பினால் பழி போட வேறு ஆள் கிடையாது.

மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஒரு கிட்டாரை இடது ஓரத்துக்கும் இன்னொன்றை வலது ஓரத்துக்கும் தள்ளி, குரலை நடுவில் வைத்தேன். பல்லவி வரும்போது இரண்டு பக்கமும் கிட்டார் விரிந்து பாட்டே அகலமானது போல இருந்தது. எனக்கே பிடித்துப் போய்விட்டது. பொதுவாக அதுவே கெட்ட சகுனம். சரி, அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மூன்று பதில்கள். முதல் நண்பர், "குரல் உள்ளே போய்விட்டது, 2 டெசிபெல் ஏற்று" என்றார். இரண்டாமவர் குரலைப் பற்றிப் பேசவே இல்லை. "கிட்டார் காதைக் குத்துகிறது, குறை" என்றார். மூன்றாமவர், "ரிவெர்ப் கொட்டிக் கிடக்கிறது, பாடுகிறவர் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி கேட்கிறது" என்றார். ரிவெர்ப் என்றால் குரலோடு சேர்க்கிற அறை எதிரொலி. மூன்று பேருமே பேஸ், அதாவது அடித்தொனி, அதிகம் என்றும் சொன்னார்கள். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அது தனிக் கதை.

நான் செய்த முதல் தப்பு, மூன்று பேர் சொன்னதையும் அப்படியே செய்தது. குரலை 2 டெசிபெல் ஏற்றினேன், கிட்டாரை 2 இறக்கினேன், ரிவெர்பைப் பாதியாக்கினேன். கழுதையைத் தோளில் தூக்கிக்கொண்டு போன அப்பன் மகன் கதைதான். கேட்டுப் பாருங்கள், இதுதான் இரண்டாவது வெர்ஷன்.

(பாட்டு 15 நொடி ஒலிக்கிறது)

குரல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டோடு ஒட்டவில்லை. யாரோ கரோக்கி போட்டுவிட்டு மேலே பாடுகிற மாதிரி இல்லையா? பல்லவியில் கிட்டார் விரிந்து வந்த அந்தச் சுகமும் போய்விட்டது. யார் சொன்னதும் பொய் இல்லை, எல்லாவற்றையும் செய்தேன், பாட்டு செத்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். அக்காவுக்கும் மிக்ஸிங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் போனில் முதல் வெர்ஷனைப் போட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு, "சும்மா கேள்" என்றேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே கேள்வி: "கடைசியில் யார்டா வந்தது? வந்தானா, வந்தாளா?"

பல்லவியின் கடைசி வரி "மழை விடும் முன்னே வந்தாள்" என்று முடியும். முழுப் பாட்டும் அவளுக்காகக் காத்திருக்கிற ஒருவனுடைய பாட்டு. அந்த "ள்" கேட்கவில்லை என்றால் யாருக்காகக் காத்திருந்தான் என்பதே மாறிப் போகிறது. தமிழ்ப் பாட்டை மிக்ஸ் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. வந்தான், வந்தாள், வந்தார் என்று ஆள் யார் என்பது சொல்லின் வாலில்தான் இருக்கிறது. பாடுகிறவர்களோ வரியின் முடிவில் மூச்சு தீர்ந்து, சரியாக அந்த வாலில்தான் குரலை விடுவார்கள்.

எனக்கு எப்படிக் கேட்காமல் போனது? நான் இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன். விஷயமே அதுதான். எனக்கு வரி மனப்பாடம். 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பேச்சுப் பதிவு ஒன்றில் ஒரே ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலைச் சேர்த்தார். கேட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் சொல் முழுதாகவே இருந்தது, கூடவே யாரோ இருமினார்கள் என்றுதான் சொன்னார்கள். இல்லாத ஒலியை மூளை தானே போட்டு நிரப்பியிருக்கிறது. முன்பின் கேட்காதவர்களுக்கே அப்படி என்றால், மூன்று ராத்திரி அதே வரியோடு குடியிருந்த எனக்கு அந்த "ள்" இல்லவே இல்லை என்றாலும் கேட்டிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் ஹெட்போனில் மிக்ஸ் செய்தேன். அதில் கிட்டார் இரண்டு ஓரத்திலும், குரல் நடுவிலும் தனித்தனியாக நிற்கும். போனை மேசையில் வைத்துக் கேட்கும்போது இடம் வலம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே புள்ளிக்கு வந்துவிடும். ஓரத்தில் இருந்த கிட்டார் இரண்டும் குரலின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்க மோனோ பட்டன் என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அழுத்தவில்லை.

சரி, இப்போது பாட்டில் அந்த வரி முடிகிற 1:12-க்குப் போவோம். திரையில் பாருங்கள். இது குரல், கீழே இரண்டும் கிட்டார். "வந்" வரைக்கும் குரலின் அலை பெரிதாக இருக்கிறது. "தாள்" என்று முடிகிற இடத்தில் பாதியாகச் சுருங்குகிறது. சரியாக அதே இடத்தில் அடுத்த தாளக்கட்டின் முதல் அடி விழுகிறது. கிட்டார் இரண்டும் ஓங்கி ஒரு ஸ்ட்ரம் (எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் அடிப்பது), கூடவே டிரம்ஸின் கிக், காலால் அடிக்கிற பெரிய டிரம். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற விவரம் பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது, அதிலேயே பேச்சு புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிக் கிட்டாரைப் பிக் வைத்து அடிக்கும்போது வருகிற 'சலக்'கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மனிதக் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான்.

இப்போது நண்பர்களின் பதில்களைத் திரும்பப் படித்தேன். இரண்டு பேர் 1:12 என்று நேரம் எழுதியிருந்தார்கள், முன்னே நான் அதைக் கவனிக்கவே இல்லை. ரிவெர்ப் நண்பரிடம் "எந்த இடத்தில்?" என்று கேட்டேன். "பல்லவி முடிகிற இடம்" என்றார். அதாவது மூன்று பேரும் ஒரே நொடியைத்தான் காட்டியிருக்கிறார்கள். கிட்டார் குரலை மூடியதை ஒருவர் குரல் குறைவு என்று கேட்டார், ஒருவர் கிட்டார் அதிகம் என்று கேட்டார். மூன்றாமவர் கேட்டது இன்னும் வேடிக்கை. "தாள்" என்ற நேரடிச் சத்தம் ஸ்ட்ரம்முக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஸ்ட்ரம் அடங்கியதும் அந்தச் சொல்லின் ரிவெர்ப் வால் மட்டும் வெளியே வந்தது. ஆள் இல்லை, எதிரொலி மட்டும் இருக்கிறது. பக்கத்து அறையில் பாடுகிற மாதிரிதானே இருக்கும்!

குறை சொல்கிறவர் கூடவே மருந்தையும் சொல்லிவிடுவார், நம் ஆட்களின் பழக்கம் அது. 2 டெசிபெல் ஏற்று, இதைக் குறை, அதை எடு. மருந்தை ஓரமாக வைத்துவிட்டு எங்கே வலிக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

திருத்தம் சின்னதுதான். இரண்டாவது வெர்ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலாவதற்கே திரும்பினேன். குரலின் ஃபேடரை, அதாவது மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டையைத் தொடவில்லை. "தாள்" என்ற ஒரே அசையை மட்டும் வெட்டி, அதன் சத்தத்தை 2.5 டெசிபெல் ஏற்றினேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற கம்ப்ரெஸருக்குப் போவதற்கு முன்பே ஏற்றியதால், ஒட்டுப் போட்டது தெரியவில்லை. அப்புறம் கிட்டார் இரண்டையும் ஒரே பஸ்ஸுக்கு (பல டிராக்குகள் சேரும் பொது வழி) அனுப்பி, அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில் 2.8 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக ஒரு பள்ளம். இங்கே கொஞ்சம் பேராசைப்பட்டு 5 டெசிபெல் வெட்டிவிட்டேன், அதுவும் பாட்டு முழுக்க.

இந்த மூன்றாவது வெர்ஷனை அனுப்பியதும் மூன்று பேரும் "ஆகா" என்றார்கள். எங்கள் குழுவில் அது அபூர்வம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மீட்டரைப் பார்த்தேன். முதல் வெர்ஷன் -16 லஃப்ஸ், இது -14.5. கடைசியில், உச்சத்தை அமுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்ற உதவுகிற லிமிட்டரைக் கொஞ்சம் நெருக்கியிருக்கிறேன், ஞாபகமே இல்லை. லஃப்ஸ் என்பது பாட்டு மொத்தத்தில் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். யூடியூப், ஸ்பாட்டிஃபை எல்லாம் அதிகச் சத்தமான பாட்டுகளை -14-ஐ ஒட்டி இறக்கிவிடுகின்றன. சத்தம் 1.5 டெசிபெல் கூடினால் யாரும் "சத்தம் கூடியிருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள், "நன்றாக இருக்கிறது" என்பார்கள். 1933-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்விலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது: சத்தம் குறைந்தால் காது பேஸை அதிகமாக இழக்கிறது, ஏறினால் அது திரும்பக் கிடைக்கிறது. ஆக, சத்தமான மிக்ஸ் எப்போதும் கொஞ்சம் புஷ்டியாகக் கேட்கும்.

மூன்றாவதை 1.5 டெசிபெல் இறக்கி, அதற்கும் முதலாவதற்கும் வெறும் 'அ', 'ஆ' என்று பெயர் வைத்து, எது எது என்று சொல்லாமல் திரும்ப அனுப்பினேன். அனுப்பியவுடன் கோபம்தான், "இன்னும் முடியவில்லையா?" என்று. இரண்டு பேர் புதியதையே எடுத்தார்கள். கிட்டார் குத்துகிறது என்று சொன்ன அதே நண்பர் பழையதை எடுத்தார்! "இன்னொன்றில் கிட்டாருக்குப் போர்வை போர்த்திவிட்டாய்" என்றார். சரிதான், 5 டெசிபெல் அதிகம். 3 ஆகக் குறைத்தேன், அதையும் ஆட்டோமேஷனில் பல்லவியின் வரி முடிவுகளில் மட்டும் வேலை செய்கிற மாதிரி போட்டேன். மற்ற நேரமெல்லாம் கிட்டார் தன் பாட்டுக்குப் பளபளக்கட்டும்.

இனி பேஸ். மூன்று பேர், மூன்று வீடு, மூன்று வேறு ஸ்பீக்கர், எல்லாரும் ஒரே வார்த்தை: பேஸ் அதிகம். இதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை, தப்பு என் அறையில். குரலையும் கிட்டாரையும் ஹெட்போனில் பார்த்தாலும், பேஸையும் கிக்கையும் எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பேன். என் அறையின் அகலம் 3.4 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 343-ஐ 3.4-இன் இரட்டிப்பால் வகுத்தால் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் இரண்டு சுவர்களுக்கும் நடுவே நின்று அதிரும். சுவரோரம் பெருத்துக் கேட்கும், அறையின் சரியான நடுவில் கிட்டத்தட்ட காணாமல் போகும். என் நாற்காலி எங்கே இருக்கிறது என்று ஊகித்திருப்பீர்கள். பேஸ் வரவில்லையே, வரவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். பாட்டை ஓடவிட்டு எழுந்து போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். வயிறு அதிர்ந்தது. பேஸையும் கிக்கையும் 50-ஐச் சுற்றி 4 டெசிபெல் இறக்கினேன், நாற்காலியையும் ஓர் அடி தள்ளிப் போட்டேன். யாரிடமும் விவாதிக்கவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் குறை சொல்வதில் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. இதே பாட்டில் ஒரு நண்பரின் மிக்ஸைக் கேட்டுவிட்டு, "இரண்டாவது சரணத்தில் குரலைக் கம்ப்ரெஸ் செய்தே கொன்றுவிட்டாய்" என்று எழுதினேன். அவர் பதிலுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அந்த டிராக்கில் கம்ப்ரெஸரே இல்லை. பாடியவர் அந்த இடத்தில் மைக்கிலிருந்து விலகிப் போயிருக்கிறார், அதனால் குரல் தட்டையாகிவிட்டது. "குரல் அங்கே தட்டையாகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே அவர் எதுவும் எழுதவில்லை. ஒரு புள்ளி கூட இல்லை.

நேற்று ராத்திரி நாலாவது வெர்ஷனை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அதே போன், அதே மேசை. "வந்தாள்" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே, "சரி, சரணத்தில் அவன் மறந்தேன் என்கிறானா, மறவேன் என்கிறானா?" என்றாள். போய்ப் பார்த்தேன். அங்கே கீபோர்டு.

அதை இன்னும் தொடவில்லை. இப்போது ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது வெர்ஷன்களின் அதே பல்லவியைப் போடுகிறேன். மூன்றையும் -16-க்குச் சமப்படுத்திவிட்டேன், வரிசையையும் மாற்றியிருக்கிறேன். எதில் கேட்டீர்கள், போனா ஹெட்போனா, எந்த நொடியில் என்ன உறுத்தியது என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை டெசிபெல் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஃபேனை நிறுத்திவிடுகிறேன், ஒரு நிமிஷம்.